ஹேவிங் அக்காவும் நாலாம் தொட்டியும்

எங்கள் பேக்டரியில் தெய்வம்மா அக்காவுக்கு ‘ஹேவிங் அக்கா’ என்று பெயர் வைத்தது நான்தான். கிண்டலுக்குத்தான் வைத்தேன். கடைசியில் அது எம்.பி.பி.எஸ். மாதிரி ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. என் கிண்டல்களில் வேறெதுவும் இவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், வளைவுகள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தேயிலை பேக்டரி. அதன் மாடியில் ஒன்பது பெண்கள் வேலை செய்தோம். மாடி முழுக்க ஆறு தொட்டிகள். தண்ணீர்த் தொட்டி இல்லை. லாரி நீளத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு, வலை போட்ட கட்டில் மாதிரி இருக்கும். பறித்து வரும் கொழுந்தை அதில் பரப்பிக் கீழேயிருந்து ஃபேன் காற்று விட்டால், பதினாறு மணி, மழைக்காலமென்றால் இருபது மணி நேரத்தில் இலை வாடும். வாடிய இலையைத் தரையிலுள்ள ஓட்டை வழியாகக் கீழே ரோலர் மிஷினுக்குத் தள்ளுவோம். வாடாத இலையைத் தள்ளினால் ரோலரில் டீ வராது, கீரைக் கடைசல்தான் வரும்.

இலை வாடிவிட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் டீமேக்கர் கருணாகரன் சார். தூள் நன்றாக வந்தால் பெயர் முதலாளிக்கு, கெட்டுப்போனால் ஏச்சு இவருக்கு. அதுதான் டீமேக்கர் உத்தியோகம். அவர் கூடலூர்க்காரர், மலையாளம் கலந்த பேச்சு, ரொம்ப வருஷம் சர்வீஸ். ஆனால் அவரே மாடிக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, “எந்தா தெய்வம்மா, ஆயோ?” என்பதுதான். அக்கா ஒரு கைப்பிடி இலையை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரலை விரிப்பாள். இலை துள்ளி உதிர்ந்தால் ஆகவில்லை. உருண்டையாகவே கொஞ்சம் நின்று, சோம்பேறி மாதிரி மெள்ள மெள்ளப் பிரிந்தால் ஆயிற்று. அவள் தலையாட்டினால்தான் இலை கீழே போகும்.

அக்கா பிறந்தது சிலோனில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில். ஒன்பது வயதில் அவர்கள் குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். “மூணாவது அங்க படிச்சேன். நாலாவது கப்பல்லயே போயிருச்சு,” என்பாள். அதற்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. மண்டபம் கேம்ப், ரயில், லாரி, கடைசியில் இந்த மலை. பதினைந்து வயதில் கொழுந்து பறிக்கக் கூடை கட்டினாள். பிறகு பேக்டரி மாடி. வீட்டுக்காரர் மாரிச்சாமி லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு நாள் மத்தியானம் டீ குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன்பின் அக்காவும், எட்டாவது படிக்கும் வனிதாவும், கம்பெனி கொடுத்த ஓர் அறை வீடும்தான்.

அப்போது டீ விலை விழுந்து மூன்றாவது வருஷம். பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலைச் செடி ஆளுயரம் வளர்ந்து மரமாகி, அதில் குருவி கூடு கட்டியது. எங்கள் பேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது. மீதி நாளில் ஜனங்கள் திருப்பூர் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

ஜூன் மாதம் சின்ன முதலாளி மாடிக்கு வந்து இரண்டு சேதி சொன்னார். ஒன்று, ஆகஸ்டிலிருந்து மாடியில் ஒன்பது பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். இரண்டு, பேக்டரியைச் சுற்றிக் காட்ட டூரிஸ்டுகளைக் கூட்டி வரப் போகிறார்; இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், நிரந்தர வேலை. ஜூலை கடைசிச் சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வருகிறது. யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு வேலை. கோத்தகிரி டவுனிலிருந்து வெற்றிச்செல்வன் என்று ஒரு பி.ஏ. இங்கிலீஷ் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்.

“இங்கயிருந்து யாராச்சும் இருக்கீங்களா?” என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

தெய்வம்மா அக்கா கையைத் தூக்கினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்.

“ஏனுங்க்கா, இங்கிலீஷ்ல உங்களுக்கு என்னுங்க தெரியும்?”

“லீவு தெரியும். பேக்டரி தெரியும். ஃபேன் தெரியும்,” என்றாள். “இன்னும் ஒரு மாசம் கெடக்குல்ல?”

இலை வாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக அவள் தாராளமாக இருந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் கேட்டேன். அந்த இரண்டு இடமும் தினக்கூலி இடம். அதற்குக் கம்பெனி வீடு கிடையாது. வீட்டோடு வருவது நிரந்தர வேலை மட்டும்தான். “ஒருக்கா ஊடு மாறுனேன், கடல் குறுக்க வந்துச்சு. இன்னொருக்கா நான் மாற மாட்டேன் புள்ள,” என்றாள். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை. சிரிக்கவில்லை என்றால், அவள் எதிரில் சிரிக்கவில்லை.

இப்போது என் இங்கிலீஷ் கைடு கதைக்குள் வருகிறது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் நான் மூன்று தடவை ஃபெயில். அந்தக் கோபத்தில் கைடைக் கிழித்து, மாடி ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று வராமல் திணித்து வைத்திருந்தேன். அக்கா ஒவ்வோர் இடுக்காகப் பிடுங்கி, நீவி, அடுக்கினாள். உருப்படியாகத் தேறியது எட்டுப் பக்கம், அறுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு வரை. அந்தப் பாடத்துக்கு மேலே ஆரம்பமும் இல்லை, கீழே முடிவும் இல்லை. ‘ஜெரண்ட்’, ‘இன்ஃபினிடிவ்’, ‘பார்ட்டிசிப்பிள்’ என்று மூன்று தடித்த எழுத்துச் சொற்கள் மட்டும் தெரிந்தன. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்க ராத்திரியில் வனிதா சொல்லிக்கொடுத்தாள்.

“ஜெரண்ட்னா என்னா புள்ள?”

“அது கலெக்டருக்கு அடுத்த போஸ்ட்டுங்க்கா.”

மறுநாள் காலையில் அக்கா கருணாகரன் சாரிடம் போய், “சார், நம்ம ஜில்லாவுக்கு ஜெரண்ட் யாரு சார்?” என்று கேட்டுவிட்டாள். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் அவள் டிபனிலிருந்து எனக்கு வர வேண்டிய மாசிச் சம்பல், அந்தச் சிலோன் கருவாட்டுத் துவையல், மட்டும் வரவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆனால் அதன்பின் அவள் யாரையும் கேட்பதை நிறுத்தினாள். அந்த எட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சாக்பீஸால் தொட்டிச் சட்டத்தில் எழுதுவாள். அதை இலையில் வைத்துப் பார்ப்பாள். நிஜமாகத்தான் சொல்கிறேன், இலையில் வைத்து. மாவு சலிப்பது போல ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்ப்பாள்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். “இங்க பாரு. ‘விதரிங் டேக்ஸ் சிக்ஸ்டீன் அவர்ஸ்.’ வாடறதுக்குப் பதினாறு மணி ஆகுது. சரியா? இப்ப நேத்துன்னு மாத்து. ‘விதரிங் டுக்.’ நாளைக்குன்னு மாத்து. ‘விதரிங் வில் டேக்.’ பாத்தியா? அந்த விதரிங் அசையாம அப்படியே குந்திக்கிட்டிருக்கு. நேத்தையும் நாளையையும் வேற ஒருத்தன் தூக்கிச் சுமக்கிறான்.”

மூன்று தடவை ஃபெயிலான எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் ஜன்னலைப் பார்த்திருப்பேன்.

இன்னொரு நாள் ஜன்னலைச் சாத்தச் சொல்வதில் பிடித்துக்கொண்டாள். ‘ரிமெம்பர் டு ஷட்’ என்றால் சாத்த மறந்துவிடாதே, இன்னும் சாத்தவில்லை. ‘ரிமெம்பர் ஷட்டிங்’ என்றால் சாத்தியது ஞாபகம் இருக்கிறது, சாத்தியாயிற்று. “ஒரே ஜன்னல், ஒரே ஞாபகம். ‘டு’ போட்டா காரியம் முன்னால நிக்குது, ‘இங்’ போட்டா பின்னால நிக்குது. எவன்டி இதை இப்பிடி யோசிச்சான்?” என்று ஜன்னலைத் திறந்து திறந்து சாத்தினாள். மாடி முழுக்க மூடுபனி வந்துவிட்டது. அங்கம்மா, எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், இலை தள்ளுகிற நீட்டுக் கட்டையைத் தரையில் தட்டி, “இங்கிலீஷு வர்றதுக்குள்ள எனக்குச் சளி வந்துரும்,” என்று கத்தினாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது காட்டெருமை விஷயத்தில். எங்கள் ரோட்டில் சாயங்காலமானால் காட்டெருமை தாண்டும். கைடில் எவனோ ஒருவன் ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்ததாக இரண்டு வாக்கியம் இருந்தது. அக்கா அவனை எடுத்துவிட்டுக் காட்டெருமையைப் போட்டாள்.

“‘ஐ சா தி பைசன் கிராஸ்’னா, அது இந்தப் பக்கம் கால் வச்சதுலேருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் நான் நின்னு பாத்தேன். முழுசா. ‘கிராஸிங்’னா, நான் பாத்தப்ப அது நடு ரோட்டுல. அப்புறம் போச்சா, திரும்பிச்சா, எனக்குத் தெரியாது.”

“தமிழ்ல ரெண்டுக்கும் ‘தாண்டறதைப் பாத்தேன்’தானுங்களே?”

“அதான் சொல்றேன். நாம பாத்தேன்னு மட்டும் சொல்றோம். அவுங்க எவ்வளவு நேரம் நின்னோம்னும் சொல்லிப்புடறாங்க.”

அன்று சாயங்காலம் நான் ரோட்டோரம் நின்று, ஒரு காட்டெருமை தாண்டியதைக் கடைசிக் குளம்பு வரை பார்த்தேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறுபத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி, ‘ஹேவிங்’ என்று தொடங்கும் சொற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் அறுந்து நின்றது. அறுபத்தொன்பதாம் பக்கத்தில் நான் ராக்கெட் செய்து பள்ளத்தாக்கில் விட்டிருந்தேன். அக்கா நான்கு நாள் அந்த அறுந்த வரியோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் எழுந்து வந்து சொன்னாள்.

“‘ஹேவிங் விதர்ட்’னா வாடி முடிச்சிட்டு. ‘ஹேவிங் விதர்ட், தி லீஃப் கோஸ் டவுன்.’ வாடி முடிச்சிட்டு இலை கீழ போவுது. நேத்துப் போனாலும் சரி, நாளைக்குப் போனாலும் சரி, அந்தப் போறதுக்கு முன்னால வாடி முடிஞ்சிருக்கணும். ஹேவிங் காலத்தைச் சொல்லல புள்ள. எது முந்தி, எது பிந்தின்னு சொல்லுது. நாம ‘வாடிட்டு’ங்கறோமே, அதுக்கு அக்கா முறை.”

அப்போதுதான் ‘ஹேவிங் அக்கா’ என்று பெயர் வைத்தேன். மாடி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. “ஹேவிங் அக்கா, ஹேவிங் சாப்பிட்டீங்களா?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் நிதானமாக, “ஹேவிங் ஈட்டன், ஐ கேம்,” என்பாள். கேட்டவர்களுக்குத்தான் அடுத்த வாக்கியம் வராது.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் அரிப்பு. இவள் சொல்வது சரிதானா? என் கூடப் படித்த ஜீவாவிடம் அதே கைடு கிழியாமல் இருந்தது. அவள் வீட்டுக்குப் போய் அறுபத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன். அக்கா சொன்னது அப்படியே இருந்தது. காட்டெருமை இல்லை, இலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இல்லாத பக்கத்தை ஒருத்தி நான்கு நாள் யோசித்துப் படித்துவிட்டாள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி ஜீவா வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். ஜீவா, “உடம்பு சரியில்லையாடி?” என்று கேட்டாள்.

இந்த வேலை அக்காவுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் விபரீதம்தான் என்பது ஊருக்கே தெரியும்.

வருகிற டூரிஸ்டுகள் படிக்க அக்கா தகரப் பலகைகள் செய்திருந்தாள். இலை வந்து கொட்டிய தொட்டிக்குச் சிவப்புப் பலகை, ‘டு பி விதர்ட்’, இனிமேல்தான் வாட்ட வேண்டும். வாடிக்கொண்டிருப்பதற்கு மஞ்சள், ‘பீயிங் விதர்ட்’. முடிந்ததற்குப் பச்சை, ‘ஹேவிங் பீன் விதர்ட்’. கருணாகரன் சார் பார்த்துவிட்டு, “எந்தினா இத்தனை நீளம்? ‘விதர்ட்’னு ஒரு வாக்கு போதாதா?” என்றார்.

“பத்தாது சார். வெறும் விதர்ட்னா செடியில தானா வாடுன பூவும் விதர்ட்தான். ‘பீன்’ போட்டாத்தான் யாரோ வாட்டினாங்கன்னு தெரியும். ஒம்பது பேரு நிக்கிறோம் சார் இங்க.”

சார் பலகைக்குக் கயிறு கட்டத் தானே ஆணி அடித்துக் கொடுத்தார்.

படிக்கத் தெரியாத அங்கம்மாவுக்கு நிறம் போதும். பச்சைப் பலகை எந்தத் தொட்டியில் தொங்குகிறதோ, அந்த இலையை வாரி ஓட்டையில் தள்ளுவாள்.

சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் மத்தியானம் வந்த இலை இரண்டாம் தொட்டியில், வாடித் தயாராக. சாயங்காலம் மழையில் நனைந்து வந்த இலை நாலாம் தொட்டியில், இன்னும் வாடிக்கொண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. முதலில் வெற்றிச்செல்வன் சுற்றிக் காட்டுவார், அடுத்து அக்கா என்று கருணாகரன் சார் சொல்லியிருந்தார். வெற்றிச்செல்வன் அன்றுவரை இலையைத் தொட்டதில்லை, பலகையைத்தான் படிப்பார். நான் இரண்டாம் தொட்டிப் பச்சையையும் நாலாம் தொட்டி மஞ்சளையும் மாற்றி மாட்டினேன். அவர் மழையிலையைக் காட்டி ‘வாடிவிட்டது’ என்று சொல்வார், சார் முகம் சுளிப்பார், அவர்கள் கீழே போனதும் பலகையைத் திருப்பி மாட்டிவிடலாம். இதுதான் கணக்கு.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. சின்ன முதலாளி குரல்: “லேடீஸ் ஃபர்ஸ்ட். தெய்வம்மா, நீயே மொதல்ல சொல்லு.”

பலகையைத் திருப்பி மாட்டக் கை நீட்டினேன். அதற்குள் வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் ஏறி வந்துவிட்டார்கள். வெள்ளி முடி, மழைக்கோட்டு, சாதுவான மனிதர்கள். அக்கா நீலச் சேலையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. அங்கம்மா பச்சைப் பலகையைப் பார்த்து, நாலாம் தொட்டியின் ஒரு மூலை இலையை ஏற்கெனவே வாரி ஓட்டை வாயில் குவித்துக் கட்டையோடு நின்றாள். அது கீழே போனால் கூழ். சின்ன முதலாளி கண்ணெதிரே, அக்கா பெயரில்.

“திஸ் லீஃப், ஹேவிங் பீன்...” என்று தொடங்கினாள். கை பழக்கத்தில் பின்னாலிருந்து வந்து ஒரு பிடி இலையை அள்ளியது. வாக்கியம் நின்றது.

அவள் முஷ்டியை இறுக்கித் திறந்தாள். இலை துள்ளியது. ஒரு காம்பை எடுத்து வளைத்தாள். ‘டக்’ என்று ஒடிந்தது. வாடிய காம்பு ஒடியாது, வளையும்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அங்கம்மாக்கா, தள்ளாதீங்க!” என்று தமிழில் கத்திவிட்டு, வெள்ளைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம் வாய் திறந்தாள்.

“போர்டு ஈஸ் ராங், சார். ஹேண்ட் ஈஸ் ரைட். திஸ் லீஃப் சீம்ஸ் டு ஹேவ் பீன் விதரிங் ஒன்லி ஃப்ரம் ஈவினிங்.”

சாயங்காலத்திலிருந்துதான் வாடிக்கொண்டு வந்திருக்கிறது போலிருக்கிறது. நேற்றும் இன்றும், ஆரம்பித்ததும் முடியாததும், எல்லாவற்றையும் ‘டு’வுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியம் அந்த எட்டுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. நான் இடுக்கில் திணித்தவள், எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் கையைப் பிடித்து மழையிலையில் வைத்து இறுக்கச் சொன்னாள். துள்ளியது. பிறகு இரண்டாம் தொட்டிக்குக் கூட்டிப் போய் அதே கையில் அந்த இலையைக் கொடுத்தாள். உருண்டை மெள்ளப் பிரிந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னாள். நன்றாக வாடிய இலையில் பழுத்த பேரிக்காய் வாசம் வரும். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“நாட் விதர்ட் பை இட்செல்ஃப், மேடம்,” என்று அக்கா எங்கள் பக்கம் கை நீட்டினாள். “ஹேவிங் பீன் விதர்ட். பை தெம்.”

எட்டுப் பேரும் முந்தானையைச் சரி செய்துகொண்டோம். யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்தோம். அங்கம்மா கட்டையைத் துப்பாக்கி மாதிரி நிமிர்த்திப் பிடித்தாள்.

கருணாகரன் சார் அக்காவின் காதருகில், “ஆராணு போர்டு மாத்தியது?” என்று பல்லைக் கடித்தார்.

“நான்தான் சார். ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டலாமேன்னு,” என்றாள் அக்கா.

வெற்றிச்செல்வனும் பிறகு சுற்றிக் காட்டினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் இங்கிலீஷ் அக்கா இங்கிலீஷைவிட நூறு மடங்கு வழவழப்பு. ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்தபோது சின்ன முதலாளி சிரித்துவிட்டார். வேலையும் வீடும் அக்காவுக்கு.

சாயங்காலம் பலகைகளைக் கழற்றும்போது நான் மெள்ள ஆரம்பித்தேன். “அக்கா, அந்தப் போர்டு...”

“தெரியும்டி. நான் போடறது இறுக்கு முடிச்சு. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஷூவுக்குப் போடற பூ முடிச்சு. ஒன்னைத் தவிர இங்க எவ ஷூ போட்டிருக்கா?”

“உங்களுக்காகத்தானுங்க்கா...”

“எனக்காகவா? முன்னூறு கிலோ இலைடி. பறிச்சவளுங்க மழையில நின்னு பறிச்சது.” அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து டிபனைத் திறந்து மாசிச் சம்பலை என் பக்கம் தள்ளினாள்.

மாடியில் இருக்கப் போகும் இரண்டு பேரில் என் பெயர் இல்லை. இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பனியன் கம்பெனி வேலைக்குப் பையோடு பேக்டரி வாசலில் பஸ் ஏறினேன். டூரிஸ்டுகளுக்குச் சுற்றிக் காட்டும்போது கட்டக் கம்பெனி கொடுத்த புது நீலச் சேலையில் அக்கா வழியனுப்ப வந்தாள்.

“போய்ட்டு வர்றேனுங்க்கா, ஹேவிங் அக்கா.”

“போ, போ. ஜெரண்ட் பதவி காலியா இருந்தா எழுது.”

அந்த ரோடு பேக்டரியிலிருந்து மூன்று வளைவுக்குத் தெரியும். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன், நின்றாள். இரண்டாவதில் பனி குறுக்கே வந்தது. அது விலகியதும் அதே இடத்தில் நீலமாக ஒரு புள்ளி. அவளுக்கு வேலை காத்திருந்தது, பத்து மணிக்கு டூரிஸ்ட் வேன். மூன்றாவது வளைவில் பஸ் திரும்பி மலை மறைக்கிற வரைக்கும் அந்தப் புள்ளி அசையவில்லை.

முழுசாகத்தான் பார்த்தாள்.